முகம் மறையாத பறவை

பறவை வேடம் போட்ட குழந்தையின் கழுத்தைப் பார்த்தால் போதும், அந்த வேடம் ஒழுங்காகச் செய்யப்பட்டதா என்று சொல்லிவிடலாம். கொக்கோ, கிளியோ, மயிலோ, பறவை என்றால் முதலில் திரும்புவது கழுத்து. உடம்பு ஆடாமல் நிற்கும். தலை மட்டும் சட்டென்று ஒரு பக்கம் வெட்டும். அட்டையும் கம்பியும் வைத்துக் கட்டிய பெரிய தலையை ஏழு வயதுப் பிள்ளைக்கு மாட்டி, தாடைக்குக் கீழே நாடாவை இறுக்கிவிட்டால் அந்தக் கழுத்து போயிற்று. எங்கள் பக்கத்து ஆண்டுவிழா ஒன்றில் அப்படி நின்ற ஒரு சின்ன மயிலைப் பார்த்தேன். பாட்டு முடியும் வரை அவள் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆடவே இல்லை.

நாகர்கோவில் பக்கத்தில் பள்ளிக்கூடத்து ஆசிரியை நான். பிள்ளைகளின் ஆட்டங்களுக்கு வேடம் தைப்பது எனக்குப் பிடித்த வேலை. அடுத்த ஆண்டுவிழாவுக்குப் பறவைகளை வைத்து ஒரு நடனம் என்று முடிவானதும், அதற்கான உடையையும் முகமூடியையும் பற்றிக் கற்றுக்கொள்ளத் திருவனந்தபுரம் போவதென்று தீர்மானித்தேன். சுமார் 70 கிலோமீட்டர்தான். ஆனால் பறவையை மேடை ஏற்றுவதில் அந்த ஊருக்கும் அதைச் சுற்றிய நாட்டுக்கும் பல நூற்றாண்டுப் பழக்கம் உண்டு. 2025 ஜனவரி முதல் வாரத்தில் கிளம்பினேன். 63-ஆவது கேரளப் பள்ளிக் கலோத்சவம் ஜனவரி 4 முதல் 8 வரை அங்கே நடந்தது. ஒரு மாநிலத்தின் அத்தனை இளம் ஆட்டக்காரர்களும் ஒரே ஊரில் கூடும் அந்த வாரத்தைவிட நல்ல நேரம் கிடைக்காது.

வழியில் பாலராமபுரத்தில் இறங்கினேன். பாறசாலை, நெய்யாற்றின்கரை தாண்டி வரும் சின்ன ஊர். திருவிதாங்கூரை பாலராமவர்மா ஆண்ட காலத்தில், அதாவது 1798-க்கும் 1810-க்கும் இடையில், தமிழ்ப் பகுதியிலிருந்து வரவழைத்துக் குடியமர்த்திய சாலியர் குடும்பங்களின் நெசவு ஊர் இது. குழித்தறியில் நெய்யும் இவ்வூர்த் துணிக்கு 2009-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருந்த முதியவர், நான் மலையாளத்தில் தடுமாறுவதைப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே பேசினார்.

சிறகுக்குத் துணி வேண்டும் என்றேன். எந்தப் பறவை என்று கேட்டார். கொக்கு, அன்னம், மடையான் என்றேன். வெளுக்காத பருத்தியை எடுத்துப் போட்டு, கையில் கசக்கி விரித்துக் காட்டினார். அது தொங்கிய விதத்தில் எனக்கு வேண்டியது இருந்தது. கடைகளில் கிடைக்கும் பளபளத் துணி தூக்கினால் ஒட்டிக்கொண்டு எழும், விட்டால் கீழே சுருண்டு விழும். பருத்தி காற்றைப் பிடிக்கும். இன்னொரு காரணமும் உண்டு. நம் மேடைகளில் விளக்கு ஏற்றி வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே பிள்ளைகளை ஆட விடுகிறோம். செயற்கை இழைத் துணியில் நெருப்புப் பட்டால் அது உருகித் தோலோடு ஒட்டும். பருத்தியும் எரியும்தான், ஆனால் உருகி ஒட்டாது. சிறகு தைப்பவர் யாராயிருந்தாலும் இதை முதலில் யோசிக்க வேண்டும்.

ஊருக்குள் போய்ச் சேர்ந்தபோது தெருவெல்லாம் நடனமாக இருந்தது. சென்ட்ரல் ஸ்டேடியத்தில் பெரிய மேடை. அதோடு சேர்த்து ஊரெங்கும் 25 மேடைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கேரள ஆற்றின் பெயர். ஆட்டோவில் முழு முகப்பூச்சோடு ஒரு பெண், அவள் மடியில் சலங்கை, பக்கத்தில் இட்லிப் பொட்டலத்தோடு அம்மா. 1957-இல் எறணாகுளத்தில் தொடங்கிய இந்த விழாவுக்காக ஒரு தலைமுறை அல்ல, மூன்று தலைமுறை வேடம் கட்டியிருக்கிறது. நான் போன 2025-இல்தான் பழங்குடி மக்களின் ஆட்டங்களையும் போட்டியில் சேர்த்திருந்தார்கள்: இருள நிருத்தம், பணிய நிருத்தம், பளிய நிருத்தம், மலப்புலய ஆட்டம், மங்கலங்களி. இவற்றை ஆடிய பிள்ளைகளின் உடை எளிமையானது. அவர்களின் தோளும் இடுப்பும் முழங்காலும் செய்த வேலை கடைசி வரிசையிலிருந்தே தெரிந்தது. உடை எவ்வளவு விலகி நிற்கிறதோ உடம்பு அவ்வளவு முன்னால் வரும் என்பதற்கு வேறு பாடம் தேவையில்லை.

மறுநாள் விடிகாலையில் புஞ்சக்கரிக்குப் போனேன். வெள்ளாயணிக் காயலை ஒட்டிய வயல்வெளி. நகரத்திலிருந்து பேருந்தில் போய்விடலாம். பறவை பார்ப்பவர்கள் கேமராவோடு வரும் இடம். இலைமேல் நடக்கும் தாமரைக்கோழி, நீலத் தாழைக்கோழி, நீர்க்காகம் எல்லாம் உண்டு. நான் பார்க்க வந்தது மடையானை. குருட்டுக்கொக்கு என்றும் சொல்வோம். எங்கள் நாஞ்சில் நாட்டு வயல்களில் தினமும் நிற்கிற பறவைதான். ஆனால் வேடம் தைக்கும் கண்ணோடு அதை நான் பார்த்தது அங்கேதான்.

வரப்பில் நிற்கும்போது அது சேற்று நிறம். கழுத்தை உள்ளே இழுத்து, தோளைத் தூக்கி, மண்கட்டி மாதிரி நிற்கும். கிட்டே போனால் எழும்பும். எழும்பும் அந்தக் கணத்தில் முழு வெள்ளை! மடித்த சிறகுக்குள் அவ்வளவு வெள்ளையை எங்கே வைத்திருந்தது என்று தோன்றும். நாலைந்து அடி தள்ளிப் போய் இறங்கியதும் மறுபடி மண். என் நடனத்துக்கு வேண்டிய முதல் உடை அந்த வரப்பிலேயே உருவாகிவிட்டது. வெளியே சாயமேற்றிய பழுப்புத் துணி, உள்ளே பாலராமபுரத்து வெள்ளை. கை மடங்கியிருக்கும் வரை பிள்ளை மடையானாக நிற்கும். கையை விரித்தால் அரங்கம் முழுக்க வெளிச்சம். இதற்கு இறகும் வேண்டாம், ஜிகினாவும் வேண்டாம். பறவை வேடம் தைக்கிறவர்கள் படத்தைப் பார்த்துத் தைப்பதை விட்டுவிட்டு ஒரு காலை நேரம் வயலுக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். படத்தில் நிறம் மட்டும் இருக்கிறது. எப்போது எந்த நிறம் தெரியும் என்பது வயலில்தான் இருக்கிறது.

அங்கிருந்து அருங்காட்சியக வளாகத்துக்கு வந்தேன். 1880-இல் கட்டி முடித்த நேப்பியர் மியூசியத்துக்குப் பின்புறம் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் கூட்டம் விலங்குக்காட்சிச் சாலைப் பக்கம் திரும்பும். நான் வளாகத்து ஓவியக்கூடத்துப் படம் ஒன்றை நினைத்து வந்தேன். கிளிமானூரில் பிறந்த ராஜா ரவிவர்மா 1899-இல் தீட்டிய ‘ஹம்சமும் தமயந்தியும்’. காலண்டர்களில் ஆயிரம் முறை பார்த்த படம். சிவப்புச் சேலையில் தமயந்தி, எதிரே சுவர் விளிம்பில் அன்னம். அந்த அன்னம் வாயால் பேசுகிறது என்று நாம் நம்புவதற்குக் காரணம் அதன் கழுத்துதான். அதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன், ஏனென்றால் அன்று மாலை அதே அன்னத்தை உயிரோடு பார்க்கப் போகிறேன்.

நகரத்துக் கோட்டைக்குள் கதகளி. உண்ணாயி வாரியரின் நளசரிதம், முதல் நாள் கதை. அணியறையின் ஓரத்தில் உட்கார்ந்துகொள்ள அனுமதித்தார்கள். பாயில் ஒருவர் மல்லாந்து படுத்திருக்க, அவர் தாடையோரம் அரிசிமாவும் சுண்ணாம்பும் குழைத்துச் சுட்டி வைத்துக்கொண்டிருந்தார் ஆசான். அது நளனுக்கு. ஹம்ச வேடக்காரர் தன் முகத்தைத் தானே கண்ணாடி பார்த்து எழுதிக்கொண்டிருந்தார். பச்சை, கத்தி, தாடி, கரி, மினுக்கு என்ற வகைகளில் அடங்காத பாத்திரங்களுக்குக் கதகளியில் தேப்பு என்று ஒரு வகை உண்டு. ஹம்சம், ஜடாயு, கருடன், கார்க்கோடகன் எல்லாம் அதில் சேரும். அலகைக் கடைசியில்தான் கட்டினார்கள். தோளை ஒட்டிச் சிறகு. தலையில் கிரீடம். அந்தக் கிரீடங்கள் குமிழ மரத்தில் கடைந்தவை. வேட அணிகலன்களைச் செய்யும் இந்தக் கோப்பு வேலைக்குப் பாலக்காட்டு வெள்ளிநேழி பேர்போன ஊர். குமிழ மரத்தை ஏன் எடுத்தார்கள் என்றால், எடை குறைவு, சீவுவதற்கு இசையும், வெடிக்காது. இரவு முழுக்கத் தலையில் சுமக்க வேண்டியதைச் செய்கிறவனுக்கு மரத்தின் எடைதான் முதல் கேள்வி.

நான் கவனித்தது, அவர்கள் எதை மறைக்காமல் விட்டார்கள் என்பதை. கண்ணை மறைக்கவில்லை. புருவத்தை மறைக்கவில்லை. கன்னத்தையும் கழுத்தையும் மறைக்கவில்லை. பறவைக்கு அடையாளம் ஓர் அலகும் இரண்டு சிறகும். மீதி எல்லாம் ஆட்டக்காரர் பொறுப்பு. மேடையில் ஹம்சம் தூங்கியது, நளன் கையில் அகப்பட்டு அழுதது, விடுபட்டதும் திரும்பி வந்து நன்றி சொன்னது. தமயந்தி பிடிக்க வரும்போது எட்டாத தூரத்தில் நின்று கண்ணால் சிரித்தது. முழு முகமூடிக்குள் இருந்து இவற்றில் ஒன்றைக்கூடச் செய்ய முடியாது.

ஆட்டம் முடிந்து வேடம் கலைக்கும்போது, பிள்ளைகளுக்கு அலகு கட்டுவதைப் பற்றி அவரிடம் கேட்டேன். “டீச்சரே, அலகைக் கடைசியாகக் கட்டுங்கள். முதலில் அலகு இல்லாமல் ஆடட்டும். பார்க்கிறவர்கள் இது பறவை என்று சொன்ன பிறகு கட்டினால் போதும்” என்றார். அவர் சொன்ன மலையாளத்தை நான் தமிழில் எழுதுகிறேன், கருத்து அதுதான்.

அவர் சொன்னதன் உச்சத்தையும் கதகளியிலேயே பார்க்கலாம். திருவிதாங்கூர் மன்னர் கார்த்திகைத் திருநாள் ராமவர்மா 18-ஆம் நூற்றாண்டில் எழுதிய நரகாசுரவதத்தில் கேகி ஆட்டம் என்று ஒரு பகுதி. கேகி என்றால் மயில். நரகாசுர வேடக்காரர் அலகு இல்லாமல், பீலி இல்லாமல், தன் அரச வேடத்திலேயே மயிலாக மாறுவார். கழுத்து, கண், பாதம் மூன்றும்தான் முதல். தோகை விரிவதை நாம் பார்ப்போம். அங்கே தோகையே இருக்காது. இந்த மன்னர்தான் பத்மநாபபுரத்திலிருந்து தலைநகரைத் திருவனந்தபுரத்துக்கு மாற்றியவர். பரத சாஸ்திரத்தை விளக்கி பாலராமபரதம் எழுதியவரும் அவரே. கதகளியையும் கூடியாட்டத்தையும் முறையாகச் சொல்லிக்கொடுக்கும் மார்கி இந்த நகரத்தில்தான் இருக்கிறது, பொறியாளரான டி. அப்புக்குட்டன் நாயர் 1970-இல் தொடங்கியது. பிள்ளைகளோடு திருவனந்தபுரம் போகிறவர்கள் கடற்கரைக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்கலாம்.

ஒரு எச்சரிக்கையும் எழுதியாக வேண்டும். கதகளிக்காரர்கள் தேங்காயெண்ணெயில் குழைக்கும் மரபான சாயங்களில் மனயோலை ஆர்சனிக் கலந்த தாதுப்பொருள். சிவப்புக்குச் சேர்க்கும் சாயில்யம், நாம் சாதிலிங்கம் என்பது, பாதரசம் கலந்தது. அவர்கள் பழகியவர்கள், அளவும் முறையும் தெரிந்தவர்கள். அழகாக இருக்கிறதே என்று வாங்கி வந்து பிள்ளையின் முகத்தில் பூசக் கூடாது. குழந்தைத் தோலுக்கென்று சோதித்து விற்கும் முகச்சாயம் போதும். அதையும் முழங்கையின் உள்பக்கம் முதல் நாளே தடவிப் பார்த்துவிட வேண்டும்.

பீலி வாங்கச் சாலைக் கம்போளத்துக்குப் போனேன். திவான் ராஜா கேசவதாசன் காலத்தில் ஏற்பட்ட கடைத்தெரு. வெற்றிலை முதல் வெண்கலம் வரை அங்கே கிடைக்காதது குறைவு, தமிழில் பேரம் பேசினால் தமிழில் பதில் வரும்.

“டீச்சர், பாவாடைக்கா? அப்படின்னா நாலு கட்டு வேணும்.”

“கொண்டைக்கு மட்டும் அண்ணாச்சி. ஆளுக்கு மூணு பீலி போதும்.”

“மூணு வச்சா மயிலாயிருமா?”

“பிள்ளை ஆடுனா ஆயிரும்.”

அவர் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாக எடுத்துக் காம்பைக் காட்டினார். மயில் 1963 முதல் தேசியப் பறவை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் கொல்வதைத் தடுக்கிறது. தானாக உதிர்ந்த பீலியை உள்நாட்டில் விற்கலாம், வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மழைக்காலம் ஓய்ந்ததும் ஆண்மயில் தோகையை உதிர்க்கும். உதிர்ந்த பீலியின் காம்பு நுனி சுத்தமாக முடியும். பிடுங்கியதில் அப்படி இராது, இரத்தக் கறை காட்டிக்கொடுக்கும். வாங்குகிறவர்கள் காம்பைப் பார்த்து வாங்க வேண்டும்.

நம்மூர் மயிலாட்டத்தை நான் குறைத்துச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். உடம்பெல்லாம் பீலி மூடி, தலைக்கு மேல் மயில் தலை வைத்து, நூலை இழுத்து அலகைத் திறந்து மூடிக்கொண்டே நையாண்டி மேளத்துக்கு ஆடுவது, வருடக்கணக்கில் பழகிய பெரியவர்களின் கலை. அந்தச் சுமையைத் தாங்க உடம்பு தயாராக வேண்டும். அதன் வெளித்தோற்றத்தை மட்டும் எடுத்துப் பிள்ளைகளுக்கு மாட்டுவதுதான் தவறு. கோட்டயம், ஆலப்புழைப் பக்கத்து பகவதி கோயில்களில் ஆடும் அர்ஜுன நிருத்தத்தில் பீலி முழுவதும் இடுப்பைச் சுற்றிப் பாவாடையாக விரிகிறது. முகமும் கழுத்தும் ஆட்டக்காரர் வசம். எடை இருக்க வேண்டுமென்றால் அது இடுப்பில் இருக்கட்டும் என்று அந்த ஆட்டம் எனக்குச் சொன்னது.

முகமூடிக்கான வழி எனக்குக் கிடைத்தது பத்தனம்திட்டை மாவட்டத்துக் கடம்மனிட்டையில். முன்பொரு சித்திரையில் அங்கே கோயில் ஆட்டமான படயணி பார்த்திருந்தேன். பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் ஆட்கள் வந்து குவியும் இரவு அது. பச்சைக் கமுகம்பாளையை வெட்டி வந்து, மேல்தோலைச் சீவினால் வெள்ளை. சீவாமல் விட்டால் பச்சை. கரியில் கறுப்பு, செங்கல்லில் சிவப்பு, மஞ்சளில் மஞ்சள். ஈர்க்கால் குத்தித் தைத்துக் கோலம் ஆக்குவார்கள். அவற்றில் ஒன்று பட்சிக்கோலம். கைக்குழந்தைகளைப் பட்சிதோஷம் அண்டாமலிருக்க ஆடுவது. நம் வீடுகளிலும் பாட்டிமார் இந்தப் பேச்சை எடுப்பதுண்டு. தப்பு மேளத்துக்கு அந்தப் பட்சி ஓலைச் சூட்டுக்கட்டு வெளிச்சத்தில் ஆடியதை மறக்க முடியாது. ஆட்டம் முடிந்தால் அந்தக் கோலம் அவ்வளவுதான். அடுத்த ஆண்டு புதுப் பாளை, புதுச் சாயம்.

ஊருக்குத் திரும்பும் முன் சடயமங்கலத்துக்கும் ஒரு நடை போய் வந்தேன். திருவனந்தபுரத்திலிருந்து எம்.சி. ரோட்டில் சுமார் 50 கிலோமீட்டர், கொல்லம் மாவட்டம். பாறை உச்சியில் ராஜீவ் அஞ்சல் வடித்த ஜடாயு மல்லாந்து கிடக்கிறது: 200 அடி நீளம், 150 அடி அகலம், 70 அடி உயரம். ஒரு சிறகு வெட்டுண்டிருக்கிறது, கால்நகங்கள் வானத்தைப் பார்க்கின்றன. 2018 முதல் பார்வையாளர்கள் போகிறார்கள். நான் அங்கே குறித்துக்கொண்டது வேலை சம்பந்தமானது. எங்கள் நடனத்திலும் ஜடாயு உண்டு. அதன் சிறகு மேடையில் விழ வேண்டும். தோளில் தைத்துவிட்டால் விழாது, பின்னூசி வைத்தால் குத்தும். ஒட்டுப்பட்டையில் இணைத்தால் ராவணனாக வரும் பையன் தொட்டதும் சிறகு கழன்றுவிடும், சத்தம் மேளத்தில் அடங்கிவிடும்.

வீட்டில் வேலை தொடங்கியது. பிள்ளைகளை வரிசையாக நிறுத்தித் தோளிலிருந்து மணிக்கட்டு வரையும், அக்குளிலிருந்து இடுப்பு வரையும் அளவெடுத்தேன். நெற்றியின் சுற்றளவு தனி. சிறகு முழங்காலுக்குக் கீழே வரக் கூடாது. வந்தால் மிதித்து விழுவார்கள். துணியைப் பிறைபிறையாக வெட்டி, ஓடு வேய்வது போலக் கீழ்வரிசையிலிருந்து மேலே தைத்துக்கொண்டு போனால் கை தூக்கும்போது ஒவ்வொரு வரிசையும் தனித்தனியே விரியும். நடுவிரலுக்கு ஒரு வளையம், முழங்கையில் ஒரு தளர்ந்த பட்டி. எலும்புக்கு ஈர்க்கு, மூங்கில் சிம்பு. கம்பி கிடையவே கிடையாது.

முகமூடி என்று செய்தது உண்மையில் நெற்றிப்பட்டைதான். கமுகம்பாளையை ஊறவைத்து, அலகு வடிவில் மடித்து, நிழலில் காயவைத்து நெற்றிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும்படி கட்டினேன். பிள்ளை தலையைக் குனிந்தால் கொக்கு மீனைக் கொத்தும். நிமிர்ந்தால் அவள் முகம் தெரியும். பாளை கிடைக்காத ஊரில் பழைய செய்தித்தாளைக் கிழித்து, புளியங்கொட்டைப் பசையில் அடுக்கடுக்காக ஒட்டிச் செய்யலாம். பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது நஞ்சு, பிள்ளைகள் வாய்க்கு அருகே வரும் பொருளில் வேண்டாம். கொஞ்சம் வசம்புப் பொடி போதும்.

ஒத்திகையில் அந்தக் கதகளிக்காரர் சொன்னபடியே செய்தோம். சிறகும் அலகும் பெட்டியில் இருந்தன. பிள்ளைகள் சீருடையிலேயே ஆடினார்கள். மற்ற வகுப்புப் பிள்ளைகளை உட்காரவைத்து, இது என்ன பறவை என்று கேட்டோம். “கொக்கு!” என்று கத்திய பிறகுதான் அந்தக் குழுவுக்குச் சிறகு கொடுத்தோம். கிளிக்குழுவை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர்கள் பள்ளிக்குப் பின்னால் நிற்கும் புளியமரத்துக் கிளிகளைப் பார்க்கப் போனார்கள், பிறகு ஆடியபோது மற்றவர்கள் கண்டுபிடித்தார்கள்.

ஆண்டுவிழாவுக்கு வேடம் தேடும் பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் நான் கேட்பது இவ்வளவுதான். வாடகைக்கு எடுத்தாலும் சரி, தைத்தாலும் சரி, அந்த உடையை முன்கூட்டியே பிள்ளைக்குப் போட்டு ஒரு முழுப் பாட்டுக்கும் ஆடவிட்டுப் பாருங்கள். தலையை இரண்டு பக்கமும் திருப்பச் சொல்லுங்கள். மூச்சு முட்டுகிறதா, எதிரே வருகிற பிள்ளை கண்ணுக்குத் தெரிகிறதா என்று கேளுங்கள். திருப்ப முடியவில்லை என்றால், எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரு வெள்ளை வேட்டியும் கொஞ்சம் பாளையும் இருந்தால் உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே கொக்கு செய்துவிடலாம்.